நிர்வாணா: ‘ப்ளீச்’சா, ‘நெவர்மைண்ட்’டா?

அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின், 1989-இல் வந்த ‘ப்ளீச்’ ஆல்பத்தின் உறையிலேயே ரெக்கார்டிங் செலவை அச்சடித்திருக்கிறார்கள்: 600 டாலர். பணம் கொடுத்தவர் ஜேசன் எவர்மேன். ஒரு பாட்டிலும் வாசிக்காத அவருக்கு கிட்டாரிஸ்ட் என்று பெயரும் போட்டார்கள்! சியாட்டிலில் ஜாக் எண்டினோ பதிவு செய்த அந்தச் சத்தம் கனமானது, கரகரப்பானது. ‘ஸ்கூல்’ பாட்டில் நாலைந்து வரிதான். மீதியெல்லாம் ரிஃபும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) அலறலும்.

1991-இன் ‘நெவர்மைண்ட்’ வேறு ரகம். தயாரிப்பாளர் புட்ச் விக், பீட்டில்ஸின் ஜான் லெனனே அப்படிச் செய்தார் என்று சொல்லி, குழுவின் பாடகர் கர்ட் கோபேனை ஒரே வரியை இரண்டு முறை பாடவைத்து அடுக்கினார். குரல் தடித்தது. ஆண்டி வாலஸின் மிக்ஸிங் பளபளப்பைக் கூட்டியது. அப்புறம் டேவ் க்ரோல். அவர் டிரம்ஸ் அடிக்கிற அடியில் பாட்டே எழுந்து நிற்கிறது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனை இறக்கிவிட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம்.

பாலிஷ் அதிகம் என்று கோபேனே பிற்பாடு அலுத்துக்கொண்டார். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. மெட்டுகளே முன்னேறியிருந்தன, ‘ப்ளீச்’சின் பின்பாதி ஒரே மாதிரி இழுக்கிறது. ‘அபௌட் எ கேர்ள்’ மட்டும் விதிவிலக்கு. 1993-இல் எம்டிவியின் அக்கூஸ்டிக் இசை நிகழ்ச்சியான அன்பிளக்டு மேடையில் அவர்கள் முதலில் வாசித்ததும் அதைத்தான்.