நிரலை யாரிடம் காட்டுவது: ஆசிரியரிடமா, ஆடுபவரிடமா?

இலங்கையின் ஹட்டனில் பைதான் என்ற நிரல்மொழி பழகும் என் தங்கை, 304 என்ற சீட்டாட்டத்துக்குச் சீட்டுப் பங்கிடும் கணினி நிரல் ஒன்றை எழுதினாள். இருவரிடம் காட்டினோம்.

கணினி ஆசிரியர் நிரலை வரி வரியாகப் படித்தார். ஒவ்வொரு சீட்டையும் சீட்டுக்கட்டில் ஏதோ ஓர் இடத்துச் சீட்டோடு மாற்றிக் கலைத்திருந்தாள். "மூன்று சீட்டை வைத்துக் கணக்குப் பார்" என்றார். அந்த முறையில் 3 × 3 × 3 = 27 வழிகள்; மூன்று சீட்டு அமையக்கூடிய வரிசைகளோ 6. 27 ஆறால் வகுபடாது, ஆகவே சில வரிசைகள் அதிகம் வரும். இன்னும் இடம் உறுதியாகாத சீட்டுகளுக்குள் மட்டும் மாற்றினால் சரியாகிவிடும். ஆடிப் பார்த்து இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

304 ஆடும் லயத்து (தோட்டக் குடியிருப்பு) மாமா நிரலைப் படிக்கவில்லை, ஓடவிட்டுப் பார்த்தார். "எட்டுச் சீட்டையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டாயே பிள்ளை! முதல் நான்கைப் பார்த்துத்தானே ஏலம் கேட்க வேண்டும், துரும்பை, அதாவது வெட்டும் சீட்டை, மறைத்து வைக்க வேண்டும்?" பிழையின்றி ஓடிய நிரல், ஆனால் அது 304 அல்ல.

புதிதாக எழுதுபவர் முதலில் மாமாவிடம்தான் போக வேண்டும் என்பேன். பங்கிடும் பகுதியைத் தங்கை திருப்பி எழுத வேண்டியதாயிற்று. ஆசிரியர் அதற்குச் சொன்ன திருத்தங்கள் அத்தனையும் வீணாயின. கலைக்கும் பகுதிக்கு மட்டும் ஆசிரியரை விட்டால் வேறு கதியில்லை.