மரீனா பே சேண்ட்சா, ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசாவா?

சிங்கப்பூரில் சூதாட்டக்கூடம் உள்ள உல்லாச வளாகங்கள் இவை இரண்டுதான். 2005 ஏப்ரலில் சூதாட்டக்கூடங்களுக்கு ஒப்புதல் அளித்த சிங்கப்பூர் அரசு, நிலத்தை ஏலம் விடவில்லை. மரீனா பேக்கு 120 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செந்தோசாவுக்கு 60.5 கோடி வெள்ளி என்று விலையை முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு, யார் என்ன கட்டுவார்கள் என்பதில் போட்டி வைத்தது. மரீனா பே போட்டியில் சுற்றுலா ஈர்ப்புக்கு 40 விழுக்காடு, வடிவமைப்புக்கு 30 விழுக்காடு மதிப்பெண். சூதாட்டம் வருமானத்துக்கு, வெளியே தெரியும் முகம் வேறாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

அந்த முகத்தை ஒவ்வொருவரும் தத்தம் பழைய தொழிலிலிருந்து எடுத்தார்கள். 2006 மே மாதம் மரீனா பேயை வென்ற லாஸ் வேகஸ் சேண்ட்சின் ஷெல்டன் அடெல்சன், கணினிக் கண்காட்சி நடத்திப் பணம் பார்த்தவர். மாநாட்டுக்கு வருபவர் வாரநாளில் அறை எடுப்பார், செலவு கம்பெனிக் கணக்கில் போகும். ஆகவே மாநாட்டுக் கூடமும் 2,561 அறைகளும். அங்கே தோற்ற கெந்திங், அதே ஆண்டு டிசம்பரில் செந்தோசாவைப் பிடித்தது. மலேசிய மலையுச்சியில் குடும்பங்களை வரவழைத்தே வளர்ந்த நிறுவனம். 49 ஹெக்டேரில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற திரைப்படக் கேளிக்கைப் பூங்காவைக் கொண்டுவந்தது. சூதாட்டக்கூடத்தை முதலில் திறந்ததும் செந்தோசாதான்: 2010 பிப்ரவரி 14, சீனப் புத்தாண்டு நாள். மரீனா பே ஏப்ரல் 27 வரை காத்திருந்தது.

மரீனா பே கட்டடத்தைக் கட்டுவதே சவால். கட்டடக்கலைஞர் மோஷே சாஃப்டி வரைந்த மூன்று கோபுரங்களுக்கும் இரண்டிரண்டு கால்கள்; அவற்றில் ஒன்று 26 டிகிரி வரை சாய்ந்து ஏறி 23-ஆம் மாடியில் மற்றதோடு சேர்கிறது. அதுவரை அதைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடித்தாக வேண்டும். உச்சியில் 340 மீட்டர் நீளப் பூங்கா, அதில் 150 மீட்டர் நீச்சல் குளம். காற்றில் மூன்று கோபுரங்களும் ஒரே மாதிரி அசைவதில்லை, அடித்தளமும் ஒரே அளவில் அமிழாது. குளத்தை ஒரே தொட்டியாக வார்த்திருந்தால் விரிசல்தான். அதனால் அடியில் அசைவு இணைப்புகள். மட்டம் பிசகினால் சரிசெய்ய நூற்றுக்கணக்கான ஜாக்கிகள். விளிம்பு வழியும் குளத்தில் மட்டம் சற்றுத் தவறினாலும் தண்ணீர் ஒரு பக்கமே கொட்டி, மறுபக்கம் வெறும் சுவர் தெரியும்.

செந்தோசாவில் இப்படிச் சொல்ல ஒரு கட்டடம் கிடையாது. பல ஹோட்டல்கள், கடல்காட்சியகம், பூங்கா எனப் பரந்து கிடக்கிறது. குழந்தைகளோடு போனால் அதுதான் வசதி, சந்தேகமில்லை. ஆனால் சவாரிகளும் காட்சிகளும் பழசாகும். புதிதாக எதையாவது சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 நவம்பரில் சூதாட்டக்கூட உரிமத்தைப் புதுப்பித்தபோது வழக்கமான மூன்று ஆண்டு கிடைக்கவில்லை, இரண்டுதான்; சுற்றுலா ஈர்ப்பாக அதன் செயல்பாடு போதவில்லை என்று மதிப்பீட்டுக் குழு சொல்லிவிட்டது. 2025-இல் யுனிவர்சல் ஸ்டூடியோசில் மினியன் லேண்ட் என்ற புதிய பகுதியும் விரிவாக்கிய கடல்காட்சியகமும் திறந்தன. மரீனா பேயோ மூன்று ஆண்டு உரிமத்தோடு, நான்காவது கோபுரத்துக்கும் 15,000 இருக்கை அரங்குக்கும் 2025 ஜூலையில் அடிக்கல் நாட்டியது.

சூதாட்டக்கூட விதிகள் இரண்டுக்கும் ஒன்றே: வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு 3,000 வெள்ளி நுழைவுத் தீர்வை. வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். கட்டடத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மரீனா பேயில் ஒன்றைக் கவனியுங்கள்: காட்சித் தளத்துக்கான நுழைவுச்சீட்டு குளத்துக்குச் செல்லாது. குளம் அங்கே அறை எடுத்தவர்களுக்கு மட்டும்.