சம்புத் தண்ணி தெருக்குழாய்க்குத் திரும்பாமல் இருக்க: என்.ஆர்.வி.யா, வெற்று இடைவெளியா?

கோவையிலும் திருப்பூரிலும் வீடு கட்டுகிறவர்கள் பிளம்பரிடம் கேட்பதெல்லாம் சம்புக்குத் தண்ணி வேகமாக விழுமா என்பதுதான். விழுந்த தண்ணி திரும்பிப் போகுமா என்று யாரும் கேட்பதில்லை.

போகும். சிறுவாணியோ பில்லூரோ, நமக்கு முறை வைத்துத்தான் விடுகிறார்கள். வால்வை மூடியதும் மேட்டுத் தெருக் குழாயில் மிச்சமிருப்பது பள்ளத்துக்கு வடிகிறது. அப்போது மேட்டில் உண்டாகும் உறிஞ்சல், குழாயின் வாய் எதில் முங்கிக் கிடக்கிறதோ அதை உள்ளே இழுக்கும். சம்பில் போர் தண்ணியைக் கலந்து வைத்திருந்தால் அது போகும். தோட்டத்துச் சாளையில் மாட்டுத் தாழிக்குள் ஓஸ் கிடந்தால், மாடு வாய் வைத்த தண்ணி போகும்.

கடையில் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது என்.ஆர்.வி., அதாவது நான்-ரிட்டர்ன் வால்வு. பித்தளை உடம்பு, உள்ளே ஒரு மடலோ ஸ்பிரிங்கோ. தண்ணியை ஒரு பக்கம்தான் விடும். மாட்டுவது சுலபம், அழுத்தமும் பெரிதாகக் குறையாது. ஆனால் தண்ணி திறந்தவுடன் வரும் கலங்கலில் மணலும் துருவும் இருக்கும். ஒரு துணுக்கு மடலில் சிக்கினால் போதும், மூடாது. மூடவில்லை என்பது வெளியே தெரியவும் செய்யாது. என் குறை இதுதான்: கெட்டுப்போனதைச் சொல்லாத காவல்காரனை நம்பித் தூங்குகிறோம்.

ஆர்.பி.இசட். (ரெடியூஸ்டு பிரஷர் ஜோன்) வால்வு அந்தக் குறையைத் தீர்க்கிறது. இரண்டு தடுப்பு மடல்கள், நடுவே ஒரு வடிகால் வாய். உள் மடல் பழுதானால் தண்ணி வெளியே கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது 7 முதல் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணியை ஏற்றும் அளவு அழுத்தத்தைத் தின்னும்; வருஷா வருஷம் சோதிக்கவும் வேண்டும். நம் தெருவுக்கு வரும் அழுத்தத்தில் வீட்டுக்கு ஒத்துவராது. சாயப்பட்டறைக்கும் பாய்லர் உள்ள ஆலைக்கும் சரி.

வீட்டுக்கு நான் சொல்வது இடைவெளி. குழாயின் வாய், சம்பு நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல். அரை இஞ்ச் குழாய்க்கு ஒரு இஞ்ச், முக்கால் இஞ்சுக்கு ஒன்றரை. நடுவில் காற்று இருந்தால் உறிஞ்சக் காற்றுதான் கிடைக்கும். தேய ஒன்றுமில்லை, காசும் இல்லை. கெடுப்பது நாம்தான்: தண்ணி விழும் சத்தம் பிடிக்காமல் பால் வால்வின் (சம்பு நிரம்பியதும் தண்ணியை அடைக்கும் மிதவை வால்வு) முனையில் ஒரு துண்டு பைப்பைச் சொருகிச் சம்பின் அடிவரை இறக்கிவிடுகிறோம். அந்தத் துண்டைக் கழற்றினால் பாதி வேலை முடிந்தது. நேராக மேல்தொட்டிக்கு ஏறும் லைன் என்றாலும் இதே கணக்குதான். ஓஸ் மாட்டும் குழாயில் மட்டும் இடைவெளி நிற்காது, அங்கே என்.ஆர்.வி. இருக்கட்டும்.

அழுத்தம் போதாமல் தரையில் குழி தோண்டி, அதற்குள் குழாய் வைப்பவர்களை என்ன சொல்வது? மழைக்கும் சாக்கடைக்கும் அந்தக் குழி நிறையும். அமெரிக்காவில் ஹோலி கிராஸ் கல்லூரியில் 1969-ல் நடந்தது இப்படித்தான். மைதானத்தில் தரைக்குக் கீழே பதித்த குழாய்கள். பக்கத்தில் தீயணைக்கத் தண்ணி இழுத்ததில் அழுத்தம் விழுந்து, குழித் தண்ணி குடிநீரில் ஏறியது. கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கே மஞ்சள் காமாலை. இரண்டு பந்தயத்தோடு அந்த வருஷ ஆட்டம் நின்றது.

தெரு லைனில் நேராக மோட்டார் போடுகிறவர் என்.ஆர்.வி. மாட்டியிருப்பதாகச் சொல்வார். இருக்கட்டும். அவர் வீட்டுத் தண்ணி திரும்பாதுதான்; ஆனால் மோட்டார் இழுக்கிற இழுப்பில் தெருவில் ஒழுகும் ஒவ்வொரு இணைப்பும் பக்கத்துச் சாக்கடையைக் குடிக்கும். அதற்கு எந்த வால்வும் மருந்தில்லை. தண்ணி தானாக விழும் ஆழத்தில் சம்பு, சம்புக்கு அப்புறம் மோட்டார்.