டார்ஜிலிங் மலை ரயிலைக் கணினியில் கட்ட எந்த சிமுலேட்டர்?

டார்ஜிலிங் மலை ரயிலை சிமுலேட்டரில், அதாவது கணினியில் ரயில் பாதை கட்டி ஓட்டிப் பார்க்கும் மென்பொருளில், கட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது படம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதைத்தான். நான் ஒரே ஒரு வளைவைப் பார்க்கச் சொல்வேன். திண்டாரியாவுக்கும் கயாபாரிக்கும் நடுவில் ஆகனி பாயின்ட் என்ற லூப் இருக்கிறது. ரயில் அங்கே ஒரு முழு வட்டம் அடித்து, தான் வந்த பாதையையே தாண்டி மேலே ஏறிப் போகும். அந்த வளைவின் ஆரம் சுமார் 18 மீட்டர்தான். இதை ஒழுங்காகப் போட முடிந்தால் மிச்சமிருக்கும் 80 சொச்சம் கிலோமீட்டரையும் போட்டுவிடலாம்.

என் கணக்கில் போட்டி மூன்று பேருக்குள்தான்: ஓப்பன் ரெய்ல்ஸ், ட்ரெயின்ஸ், ட்ரெயின் சிமுலேட்டர் கிளாசிக். ட்ரெயின் சிம் வேர்ல்ட் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது ஓடும் அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு முழு மலையைக் கட்டுவது வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் மலை. 2000-ஆம் ஆண்டு எண்டெவர் விண்கலம் எடுத்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றிலுமே அதைப் பயன்படுத்தலாம். அதில் 30 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி. ஆகனி பாயின்ட் வட்டத்தின் குறுக்களவே 36 மீட்டர் என்றால், முழு லூப்பும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடுகிறது. எனவே எந்த மென்பொருளை எடுத்தாலும் லூப் இருக்கும் இடத்தில் மலையைக் கையால்தான் செதுக்க வேண்டும். எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க விடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஓப்பன் ரெய்ல்ஸ், 2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்புகளைப் படித்து ஓடுகிறது. அதன் நிலம் 8 மீட்டர் கட்டங்களால் ஆனது. டார்ஜிலிங் பாதையோ ஹில் கார்ட் ரோட்டை ஒட்டியே ஏறுகிறது. சாலைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே பல இடங்களில் ஓர் ஆள் உயர வித்தியாசம்கூட இருக்காது. அந்தச் சின்னப் படியை 8 மீட்டர் கட்டத்தில் கொண்டுவரப் பார்த்தால் சாலை சரிவாகிவிடுகிறது, அல்லது தண்டவாளம் மண்ணுக்குள் போகிறது. தடுப்புச் சுவர் மாடல்களை வரிசையாக வைத்து மறைப்பதுதான் ஒரே வழி. தண்டவாளமும் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆரத்தில் வெட்டி வைத்த துண்டுகளாகத்தான் வரும். இந்த ரயிலின் 610 மில்லிமீட்டர் தண்டவாள அகலத்தில், 18 மீட்டர் ஆரத்தில் துண்டு வேண்டுமென்றால் நீங்களோ இன்னொரு ஆர்வலரோ செய்தாக வேண்டும்.

ட்ரெயின்ஸில் நிலக் கட்டம் ஆரம்பத்தில் 10 மீட்டர். பிறகு வந்த பதிப்புகளில் 5 மீட்டர் கிடைத்தது. தண்டவாளம் ரப்பர் மாதிரி இழுத்தபடி வளையும். ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் தனித்தனியாக ஏற்றலாம், ஏற்றம் எவ்வளவு என்று அங்கேயே காட்டும். லூப்புக்கு இது பெரிய வரம். குறையும் உண்டு: காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் போல வராது. புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைத்தால் வளைவு முட்டி முட்டி நிற்கும், பொறுமையாகச் சீராக்க வேண்டும். சாலையும் இதே மாதிரி இழுத்துப் போடுவதுதான் என்பதால், தண்டவாளமும் சாலையும் ஒன்றையொன்று நூறு தடவைக்கு மேல் வெட்டிக்கொள்ளும் இந்தப் பாதைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கிளாசிக்கில் வளைவு சுத்தமான வட்டமாக விழும். மூன்றில் மிக நேர்த்தியானது அதுதான். ஆனால் தண்டவாளம் போடுவதற்கான விதிகளில் குறைந்தபட்ச ஆரம் என்று ஒன்று உண்டு, முதலில் அதை நமக்கேற்ப மாற்ற வேண்டும். செயற்கைக்கோள் படத்தை அடியில் விரித்து அதன் மேலேயே பாதை போடும் வசதி சமவெளிக்குப் பிரமாதம். மலை ஏற்றம் தொடங்கும் சுக்னா நிலையத்தைத் தாண்டிக் காடு வந்ததும் மரங்கள்தான் தெரியும். அப்புறம், அகற்றப்பட்ட லூப்பை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது.

எந்தக் காலத்தைக் கட்டுகிறோம் என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. பாதை 1879-ல் தொடங்கி 1881-ல் டார்ஜிலிங்கைத் தொட்டது. பத்தாஸியா லூப் வந்தது 1919-ல். இரண்டாம் லூப் போனது 1942-ல். ஐந்து லூப்பும் ஒன்றாக வேண்டுமென்றால் இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும். நான் 1930-களை எடுத்துக்கொண்டேன். 1889 முதல் 1925 வரை கட்டிய 34 பி கிளாஸ் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலம்.

ஓட்டுவது என்று வந்தால் ஓப்பன் ரெய்ல்ஸ்தான் முதல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம் உண்டு. டார்ஜிலிங்குக்கு அது கிடையாது. 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம் நிலையம் வரை, இரும்பின் மேல் இரும்பு வழுக்காமல் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அதற்காகவே பி கிளாஸின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து தண்டவாளத்தில் கையால் மணல் தூவுவார்கள். மழையில் சக்கரம் எப்படிச் சுழலும், மணல் விழுந்ததும் எப்படிப் பிடிக்கும், வளைவு எவ்வளவு இழுக்கும், நீராவி எங்கே குறையும் என்பதையெல்லாம் ஓப்பன் ரெய்ல்ஸ் அக்கறையோடு கணக்கிடுகிறது. அதுவும் காசில்லாமல். ஆறு இசட் ரிவர்ஸிலும் முன்னே போய், நின்று, பின்னே தள்ளி, மறுபடி முன்னே ஏறுவதைப் பாதையிலேயே குறித்து வைக்கலாம். ட்ரெயின்ஸில் நீராவி எஞ்சின் ஓடும், வழுக்கிவிடுமோ என்ற அந்தப் பயம் மட்டும் வராது.

இருந்தும் நான் கட்டுவது ட்ரெயின்ஸில்தான். இந்த ரயில் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் ஊர்கிறது. குர்சியாங் கடைவீதியில் கடையின் கதவும் தொங்கும் துணியும் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் வரும். இந்த வேகத்தில் எந்தக் குறையும் கண்ணில் படாமல் போகாது. நிலமும் சாலையும் தண்டவாளமும் ஒன்றோடொன்று சரியாக உட்கார்ந்தால்தான் அது டார்ஜிலிங். வெறும் எஞ்சின் ஓட்டும் ஆசை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓப்பன் ரெய்ல்ஸ் போங்கள்.

எதை எடுத்தாலும் சுக்னாவில் தொடங்காதீர்கள். ஒரு வெற்று நிலத்தில் ஆகனி பாயின்டை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள். வட்டம் மூடி, மேல் பாதைக்கு அடியில் பி கிளாஸின் புகைபோக்கி முட்டாமல் நுழைந்தால், அப்புறம் சுக்னாவுக்கு இறங்கி வந்து வேலையைத் தொடங்கலாம்.