அரிசி வண்டும் பிரீசரும்: வெள்ளவத்தைத் தொடர்மாடியில் சில வருட அனுபவம்

அரிசியோ பயறோ மாவோ, கடையிலிருந்து வந்ததும் முதலில் பிரீசருக்குள் போக வேண்டும். பெட்டி, போத்தல் எல்லாம் அதற்குப் பிறகுதான். கொழும்பில் பல வருடம் குசினி நடத்தி, வேப்பிலை முதல் கிளிப் போட்டு இறுக்க மூடும் விலை கூடிய பெட்டி வரை எல்லாம் பாவித்த பிறகு நான் வந்த முடிவு இது.

வண்டு எங்கள் அலுமாரியில்தான் உண்டாகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அரிசியோடேயே வீட்டுக்கு வருகிறது. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் அரிசி மணியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டையை வைத்து, துளையைப் பசையால் அடைத்துவிடும். இப்படி 300 முட்டைக்கு மேலும் இடக்கூடியது. புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கொழும்பு வெக்கையில் நாலைந்து கிழமையில் வண்டாகி வெளியே வரும். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் "புது மூட்டை தங்கச்சி, கையை விட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான். அன்றைக்குக் கையில் ஒன்றும் படாது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இதைப் புரிந்துகொண்டால் வேப்பிலை, செத்தல் மிளகாய், கராம்பு எல்லாம் ஏன் இங்கே கைகொடுப்பதில்லை என்பதும் விளங்கும். வாசத்துக்கு வெளியிலிருக்கிற வண்டு ஒதுங்கலாம், மணிக்குள் இருக்கிற புழுவுக்கு அது எட்டாது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா இப்பவும் போனில் "வேப்பிலை போட்டனியே பிள்ளை?" என்று கேட்பார். அவர் காலத்தில் அது பலன் தந்ததை நான் நம்புகிறேன். அங்கே வீட்டில் வைத்தது நெல். உமி உடையாமல் இருக்கும்வரை வண்டு உள்ளே போவது கஷ்டம். நன்றாகக் காய்ந்த நெல்லும் காய்ந்த வேப்பிலையும் சேர்ந்து காப்பாற்றியிருக்கும். இங்கே நாங்கள் வாங்குவது உமி போன அரிசி, அதுவும் கடற்காற்றில் ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கிற அரிசி. பச்சை வேப்பிலையைப் போட்டால் அதன் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

மொட்டை மாடியில் காயப்போடுவதும் அரைவாசிப் பலன்தான். வெயில் பட்டதும் வண்டுகள் ஓடிவிடும், சுளகில் புடைத்தால் மிச்சமும் போகும். ஆனால் முட்டை சாக மணியே 50 பாகைக்கு மேல் சூடாகி, அந்தச் சூடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவத்தில் அந்த வெயிலை இங்கே எங்கே தேடுவது? கடும் வெயிலில் கிடந்த அரிசி வெடித்து, சோறு குறுணலாக வருவது இன்னொரு தொல்லை.

சரி, பிரீசர். வீட்டுப் பிரீசர் -18 பாகைக்குப் போகும். அந்தக் குளிர் நாலு நாள் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். நான் ஒரு கிழமை விடுவேன், ஏனென்றால் 5 கிலோப் பையின் நடுவுக்குக் குளிர் இறங்க நேரம் எடுக்கும். கிலோ கிலோவாகப் பிரித்துத் தட்டையாக அடுக்குவது நல்லது. மீன் வாடை ஏறாமலிருக்க இரட்டைப் பை. எடுத்ததும் பையைத் திறக்கவே கூடாது. மூடியபடியே ஒரு இரவு வெளியே விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போத்தலில் கொட்ட வேண்டும். குளிராக இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் அரிசியில் வேர்த்து, வண்டுக்குத் தப்பியது பூஞ்சணத்துக்குப் போய்விடும்.

இதில் குறைகள் உண்டு. சின்னப் பிரிட்ஜ் உள்ள வீட்டில் இடம் காணாது. கரண்ட் போனால் கணக்கு முழுக்கக் குழம்பும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது இந்த முறையை நம்ப முடியவில்லை. அந்த நேரம் கைகொடுத்தது சூடுதான். ரவையை வறுத்து வைப்பதும் கோதுமை மாவை அவித்து அரித்து வைப்பதும் ருசிக்காக மட்டுமில்லை, அந்தச் சூட்டில் முட்டையும் மிஞ்சாது. மா நன்றாக ஆறி உலர்ந்த பிறகு போத்தலில் போட வேண்டும், அவ்வளவுதான்.

பயறும் கௌபியும் தனிக் கதை. அவற்றில் வருவது வேறு வண்டு. அது முட்டையை மணியின் தோலில் ஒட்டிவைக்கும். வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரியும், வாங்கும்போது பாருங்கள். இதற்குத் தேங்காய் எண்ணெய் உண்மையாகவே வேலை செய்கிறது: கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, மணி மினுங்கும்வரை கையால் பிரட்டினால் போதும். எண்ணெய்ப் படலத்தில் முட்டை மூச்சடைத்துப் போகும். சில மாதத்தில் எண்ணெய் லேசாகச் சிக்கு வாடை அடிக்கும், கழுவி அவிக்கும்போது போய்விடும்.

பிரீசர் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது தண்ணீர்ப் போத்தல். நன்றாகக் காய்ந்த 1.5 லீற்றர் போத்தலில் பயற்றைக் கழுத்துவரை தட்டித் தட்டி நிரப்பி இறுக்க மூடிவிடுங்கள். உள்ளே இருக்கிற பூச்சி கொஞ்சக் காற்றையும் மூச்சுவிட்டுத் தீர்த்து, பிறகு பெருகாது. 1980களின் பிற்பகுதியில் பர்டூ பல்கலைக்கழகத்தார் கமரூன் விவசாயிகளின் கௌபிக்காக உருவாக்கிய மூன்றடுக்குப் பையின் தத்துவமும் இதுதான். அரைப் போத்தலாக வைத்தாலோ அடிக்கடி திறந்தாலோ பலனில்லை. விலை கூடிய கிளிப் பெட்டியில் எனக்குள்ள ஏமாற்றமும் அங்கேதான். தினமும் திறக்கும் பெட்டியில் காற்று எப்படித் தீரும்? பூச்சி ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததுக்குப் பரவாமல் தடுக்க மட்டும் அது நல்லது. அதற்கு இறுக்கமான பால்மா டின்னே போதும்.

குரக்கனை (கேழ்வரகை)ப் பற்றி ஒரு வார்த்தை. முழுக் குரக்கனுக்கு இந்தப் பாடு எதுவுமே வேண்டாம். மணி மிகச் சின்னது, அரிசி வண்டு உள்ளே வளர இடமில்லை. மாவாக்கினால்தான் செவ்வண்டு வரும். எந்த மாவிலும் செவ்வண்டு பெருகி, மா லேசாகச் சிவந்து காரமான நாற்றம் அடித்தால் அரித்துப் பாவிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அந்த நாற்றம் வண்டு விடும் இரசாயனம். அரிசியில் நாலைந்து வண்டு கண்டால் பயமில்லை, புடைத்துக் கழுவிச் சமைக்கலாம்.

களஞ்சியங்களில் போடும் புகை மாத்திரையை யாராவது ஒன்றிரண்டு எடுத்துத் தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அலுமினியம் பொஸ்பைட் ஈரக்காற்றுப் பட்டதும் பொஸ்பீன் வாயுவை விடும். பூட்டிய அறையில், அதுவும் பிள்ளைகள் படுக்கும் வீட்டில், அது ஆளைக் கொல்லும். அரிசி 500 ரூபாய்க்குப் பழுதாகிப் போனால் போகட்டும்.

ஒடியலுக்கு, அதாவது காயவைத்த பனங்கிழங்குக்கு, மட்டும் இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. ஊரிலிருந்து வரும் ஒடியலைப் பிரீசரில் வைத்து எடுத்தாலும், வெளியே வந்து ஈரம் இழுத்ததும் மறுபடி துளை விழுகிறது. இப்போது வந்த கையோடு மாவாக இடித்து, சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டிப் பிரீசரிலேயே விட்டு, கூழ் காய்ச்சும் நாளில் வேண்டியதை மட்டும் எடுக்கிறேன்.