தாரந்தோவின் நஞ்சுச் சேறு: அள்ளுவதா, மூடுவதா, இறுக்குவதா?

தென் இத்தாலியின் தாரந்தோ நகரை ஒட்டி மார் பிக்கோலோ என்ற உள்கடல் இருக்கிறது. ஒருபுறம் கடற்படைத் தளமும் கப்பல் பட்டறைகளும். சற்றுத் தள்ளி 1965-இல் திறக்கப்பட்ட பெரிய எஃகு ஆலை. அதே நீரில்தான் தலைமுறைகளாக மட்டி வளர்க்கிறார்கள். அடியில் படிந்த களிச்சேற்றில் கன உலோகங்களும் பிசிபி என்னும் குளோரின் சேர்மங்களும் ஏறிவிட்டன. 2011-இல், இந்த உள்கடலின் இரண்டு குடாக்களில் முதலாவதன் மட்டிகளை எடுக்கத் தடை வந்தது.

இப்படிப்பட்ட சேற்றை என்ன செய்வது என்று பேசும்போது, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் நஞ்சு என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு அமுங்கும் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வழியைத் தீர்மானிப்பதில் அந்தக் குணங்களுக்கும் சம பங்கு உண்டு.

கடல்நீரின் உப்பால் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, இடைவெளி மிகுந்த அமைப்பாகப் படிகின்றன. மேலடுக்கின் ஈரம் பல இடங்களில் நீர்ம எல்லையையே, அதாவது களி குழம்பாக வழியத் தொடங்கும் ஈர அளவையே, தாண்டிவிடும். வெட்டு வலிமை, அதாவது மண் சறுக்காமல் தாக்குப்பிடிக்கும் பலம், மிகக் குறைவு: சில கிலோபாஸ்கல்தான். மாசு கலந்தால் களி நலிந்துவிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. கரிமப் பொருள் மிகுந்தால் நீர்ம எல்லையும் அமுங்கும் தன்மையும் உயரும். உலோக அயனிகளோ துகள்களை மேலும் திரளவைத்து, நீர் கசியும் வழிகளை அகலமாக்கக்கூடும். ஆகவே பாடநூல் சூத்திரங்களை இங்கே அப்படியே நம்பக் கூடாது. மாதிரியை அடுப்பில் உலர்த்திவிட்டு நீர்ம எல்லையை அளந்தால், கரிமம் மிகுந்த களி உண்மையைவிடக் குறைந்த எண்ணையே காட்டும்.

தூர்வாரி அப்புறப்படுத்துவது முதல் வழி. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை இதைச் செய்தார்கள். 25 பிபிஎம்முக்கு (கிலோவுக்கு 25 மில்லிகிராம்) மேல் பாதரசம் இருந்த சேற்றை அள்ளியும் அடைத்தும் 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். செலவு சுமார் 4,850 கோடி யென். நஞ்சை அதன் இடத்திலிருந்தே அகற்றுவது இதன் பெரும்பலம். ஆனால் அள்ளும்போது கலங்கும் சேறு நீரோடு பரவும். கரையில் கொட்டியது வடிந்து இறுக ஆண்டுகள் ஆகும். அதுவரை அதற்கு வேலியும் காவலும் வேண்டும்.

மணலால் மூடுவது செலவு குறைந்த வழி. கப்பல் போகாத, அலை அடங்கிய நீருக்கு இதையே முதலில் பரிசீலிப்பேன். ஆனால் ஒரே மூச்சில் கொட்டினால் பாரம் தாங்காமல் சேறு பக்கவாட்டில் பிதுங்கி, மணல் உள்ளே புதைந்துவிடும். மெல்லிய அடுக்குகளாக, இடைவெளி விட்டுத்தான் பரப்ப வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு: களி அமுங்கும்போது அதன் துளைகளிலுள்ள நீர் மேலே பிதுங்கும், கரைந்த நஞ்சும் கூடவே மணலுக்குள் ஏறும். மூடாக்கின் தடிமனைக் கணக்கிடும்போதே அந்தக் கசிவையும் சேர்க்காவிட்டால் மூடியது வீண். மணலில் செயலூட்டிய கரி (நுண்துளைகள் நிறைந்த, நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் கரி) கலந்தால் பிசிபி போன்றவற்றை அது பிடித்துவைக்கும். கரைந்த உலோகங்களுக்கு அந்த நம்பிக்கையை நான் தரமாட்டேன்.

மூன்றாவது, சிமெண்ட் கலந்து இறுக்குவது. நன்றாக அமைந்தால் வழியும் சேறே துறைமுக நிரப்பு மண்ணாகும். கேட்கவே கவர்ச்சியாக இருக்கும். ஆனால் துத்தநாகமும் ஈயமும் சிமெண்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். கரிம அமிலங்களும் குறுக்கிடும். வேறொரு துறைமுகத்தில் வெற்றி தந்த கலவையை இங்கே நகலெடுக்க இயலாது.

தாரந்தோவுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. மார் பிக்கோலோவின் அடித்தளத்தில் நன்னீர் ஊற்றுகள் பொங்குகின்றன. ஊற்றின் மேல்நோக்கிய ஓட்டம் மணல் மூடாக்கைத் தளர்த்தும். நஞ்சையும் மேலே தள்ளும். ஊற்று வாய்களைச் சுற்றி மூடுவதை நான் ஏற்கமாட்டேன். கப்பல் துறையையொட்டிய சேற்றைத் தூர்வாரி, சோதனைக் கலவை கைகொடுத்தால் இறுக்கிப் பயன்படுத்தலாம். ஊற்றில்லாத அமைதியான பகுதிகளுக்கு, உலர்த்தாத மாதிரிகளின் அமுக்கச் சோதனை முடிவுகள் வந்த பிறகு, கரி கலந்த மணலை அடுக்கடுக்காகப் பரப்பலாம்.