தயிரா, கேப்ஸ்யூலா, அவரைக்கொட்டையா?

குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் தொப்பை கரையும் என்ற பேச்சு கோத்தகிரி வரை ஏறி வந்துவிட்டது. முழுக்கப் பொய் என்றும் தள்ள முடியாது. 2013-ல் அமெரிக்காவில் ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், ஒருவர் பருமன், ஒருவர் ஒல்லி என்றிருந்த இரட்டையர்களின் குடல் பாக்டீரியாவைக் கிருமியின்றி வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமனானவரின் பாக்டீரியா போன எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டதும் (ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும்) ஒல்லியானவரின் பாக்டீரியா மற்றதற்குள் குடியேறி, கொழுப்பு கூடுவதைத் தடுத்தது. ஆனால் நார்ச்சத்துள்ள தீனி போட்டபோதுதான் இது நடந்தது. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனியில் நடக்கவில்லை. தயிர், கேப்ஸ்யூல், அவரைக்கொட்டை மூன்றில் எது என்ற என் தீர்ப்பு இதிலிருந்துதான் வருகிறது.

பாக்டீரியாவை அடைத்து விற்கும் கேப்ஸ்யூலில் விலைதான் கனம். அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவைப் பாஸ்சரைஸ் செய்து மூன்று மாதம் கொடுத்த 2019 ஆய்வில் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது. எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை.

தயிர் மலிவு. மலைக் குளிரில் உறையத்தான் அடம்பிடிக்கும்: பாலைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் உறை ஊற்றி, ஹாட்பாக்ஸில் வைத்துக் கம்பளி சுற்ற வேண்டும். 2021-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் பத்து வாரம் புளித்த உணவு சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாவின் வகைகள் பெருகின, உடலின் உள் வீக்கத்தைக் காட்டும் அழற்சிக் குறியீடுகள் குறைந்தன. சிறிய ஆய்வு, எடை குறைப்புக்கானதும் அல்ல. (இட்லியும் புளித்ததுதானே என்பீர்கள். ஆவியில் பாக்டீரியா செத்துவிடும்.)

அப்புறம் நார்ச்சத்துப் பக்கம்: அவரைக்கொட்டை, பீன்ஸ், கேழ்வரகுக் களி, வேகவைத்து ஆறிய ஊட்டி உருளைக்கிழங்கு. உருளை ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது. அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. அவை உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்கள் குடல் சுவருக்கு உணவு; பசியை அடக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனையும் தூண்டுகின்றன. அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் நார்ச்சத்து கூட்டிச் சாப்பிட்ட இன்னொரு குழுவுக்குப் பாக்டீரியா வகைகள் கூடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தும் என் ஓட்டு இதற்கே, கூடவே ஒரு கிண்ணம் தயிர். எந்தப் பாக்டீரியா வந்தாலும் தீனி இல்லாமல் தங்காது.

திடீரென்று ஒரு தட்டு அவரைக்கொட்டையில் ஆரம்பித்தால் வயிறு ஊதும். ஒரு கைப்பிடியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் சேர்த்து. சர்க்கரை நோயாளிகள் உருளையையும் களியையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கேப்ஸ்யூல் பக்கம் போக வேண்டாம்.